இடாப்பில் ஒரு பெயர்

இலங்கையின் வட மாகாணத்தில் 1994ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதிக்குப் பின்னர் பிறந்தவர்கள் எவரும் தமது மாகாண சபைக்கு வாக்களித்தவர்கள் அல்லர். கணக்கு எளிது. வடக்கில் மாகாண சபைக்கான வாக்களிப்பு ஒரேயொரு தடவைதான் நடந்தது. அது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. அதற்குப் பயன்பட்டது 2012ஆம் ஆண்டின் வாக்காளர் இடாப்பு. அந்த இடாப்பில் இடம்பெற வேண்டுமானால் 2012 ஜூன் முதலாந் திகதியன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அன்று பதினேழரை வயதில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று முப்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிற் சிலருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கிளிநொச்சியில் வசிக்கும் நண்பர் ஒருவரின் மகளுக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். "அப்ப எங்களுக்கும் மாகாண சபை எண்டு ஒண்டு இருக்கோ, மாமா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. ஆளுநர் இருக்கிறார், மாகாணக் கல்வித் திணைக்களம் இருக்கிறது, மாகாணச் சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே மக்கள் தெரிவு செய்த ஒரு சபை இருக்க வேண்டும் என்பது அவளுக்குச் செய்தி.

சபை போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் ஐந்தாண்டுக் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 2017 செப்டெம்பரில், நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிவிட்டிருந்தது. பாதிப்பேரைத் தொகுதி வாரியாகவும் மீதியை விகிதாசார முறையிலும் தெரிவு செய்வது புதிய முறை. தொகுதிகளுக்கு எல்லை வகுக்கக் குழு அமைத்தார்கள். அக்குழுவின் அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சபைக்குச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார் என்பது நம் நாடாளுமன்ற வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. ஆக, பழைய முறையைக் கைவிட்டாயிற்று, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாகிவிட்டன. அதன்பின் வந்த எந்த அரசாங்கமும் இந்த முடிச்சை அவிழ்க்க அவசரப்படவில்லை. சபைகள் இல்லாத இடத்தில், சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் ஆள்கிறார். கொழும்புக்கு இதில் என்ன குறை?

இந்நிலையில் வன்னியில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. வராத தேர்தலுக்கு ஏன் பதிய வேண்டும்? படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஜீ.எஸ். வீட்டுக்கு ஒருநாள் அலைச்சல், ஒருநாள் கூலி போகும். கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். விடியற்காலையில் தோட்டத்துக்கும் கடலுக்கும் போகிறவர்கள்.

முதலில் பதிவு எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இலங்கையில் வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. இலங்கைப் பிரசை, 18 வயது நிறைந்தவர், தகுதித் திகதியன்று அந்த முகவரியில் வழமையாக வசிப்பவர் என்பவையே பிரதான தகைமைகள். கிராம அலுவலர் ஊடாகப் பி.சி. படிவம் வரும். கிராம அலுவலர் என்பது காகிதத்தில் உள்ள பெயர். எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு அவர் இன்னமும் விதானையார், மற்றவர்களுக்கு ஜீ.எஸ். வீட்டின் தலைவர் தகுதியுள்ள அனைவரின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு புதிதாகச் சேர்க்கப்படும் பெயர்களும் நீக்கப்படும் பெயர்களும் பட்டியல்களாகக் கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் ஜீ.எஸ். அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டவர்கள் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். தவறாகச் சேர்ந்த பெயருக்கு ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதற்கென்று குறிக்கப்பட்ட நாள்கள் கடந்தால் இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படும். தகுதித் திகதிக்குப் பிறகு 18 வயதை எட்டுகிற இளையவர்கள் முன்னரெல்லாம் அடுத்த ஆண்டு வரை காத்திருந்தார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவர்களைத் துணை இடாப்புகளில் சேர்க்க வழி செய்தது. படிவம் தேடி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிராமல், வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிற ஆண்டில் ஜீ.எஸ்.ஐப் போய்ப் பார்ப்பதே புத்தி.

இந்த இடாப்பைத் தேர்தல் நாளன்று மட்டும் புரட்டுகிறார்கள் என்று நினைப்பது பிழை. நாடாளுமன்றத்தில் ஒரு தேர்தல் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனங்கள் என்பதை இடாப்பிலுள்ள எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இல் 7. 2024இல் 6. கிளிநொச்சி மக்களுக்கு இது அயலவர் வீட்டுச் சங்கதியல்ல. நாடாளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதி. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மூன்றும்தான் வன்னித் தேர்தல் மாவட்டம். மாகாண சபைக்கோ கிளிநொச்சி தனி மாவட்டம். 2013இல் அதற்கு நான்கு ஆசனங்கள், முல்லைத்தீவுக்கு ஐந்து, வவுனியாவுக்கு ஆறு. ஆசனங்கள் குறைந்தது சதி என்று மேடைகளிற் பேசினார்கள். அதிற் பெரும்பகுதி கூட்டல் கழித்தல்தான். போர்க்காலத்தில் திருத்தப்படாமற் கிடந்த பழைய இடாப்புகளில் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்கள் இருந்தார்கள், இறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நீக்கியதில் நியாயம் இருக்கிறது. இருப்பவர்கள் பதியாமல் விடுவதற்குத்தான் நியாயமில்லை.

வடக்கின் தேர்தல் வரலாற்றில், வாக்களித்த கதைகளை விட வாக்களிக்காத கதைகள் அதிகம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவில் முதன்முதலாக அதைப் பெற்ற மக்கள் நாங்கள். பெற்ற கையோடு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. முழுச் சுயாட்சி கேட்ட இளைஞர்களின் இலட்சியப் பகிஷ்கரிப்பு அது. குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. மன்னார் - முல்லைத்தீவுத் தொகுதி அதில் சேரவில்லை, உறுப்பினரை அனுப்பியது. வன்னியை யாழ்ப்பாணத்தின் பின்கட்டாக நினைக்கும் நண்பர்களுக்கு நான் இதை நினைவூட்டுவதுண்டு.

1931இல் வெற்று ஆசனம் வெறுமையாகவே இருந்தது. பிற்காலத்தில் அப்படியில்லை. 1988இல் இந்திய - இலங்கை உடன்பாட்டின் பேரில் அமைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்குக் கிழக்கில் வாக்களிப்பு நடந்தது. வடக்கில் நடக்கவில்லை, 36 ஆசனங்களையும் இரண்டு அமைப்புகள் போட்டியின்றிப் பங்கிட்டுக்கொண்டன. 1994 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 9 ஆசனங்களைச் சுமார் பத்தாயிரம் வாக்குகளுடன் ஈ.பி.டி.பி.யினர் பெற்றார்கள். மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பெயர்கள் இடாப்பில் இருந்தன. மக்கள் வாக்களிக்காததால் ஆசனம் காலியாக இருக்கவில்லை.

பிறகு 2001. டிசம்பர் 5ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் வாக்களிப்பு நிலையம் அமைக்க முடியாது என்று, இராணுவக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கொத்தணி வாக்களிப்பு நிலையங்களை அமைத்தார்கள். அன்று காலை எல்லைக்கு வந்த மக்களை இராணுவம் கடக்கவிடவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதே கதை. சிலர் விடவில்லை, உயர் நீதிமன்றம் சென்றார்கள். மக்களைத் தடுத்தது அவர்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2003 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர்நிறுத்தக் காலத்துப் பரபரப்பில் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிற்கூட அத்தீர்ப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2004 ஏப்ரல் 2ஆம் திகதி நான் ஓமந்தையில் நின்றேன். வெயில் ஏறுமுன்னரே பஸ்களும் உழவு இயந்திரங்களும் வரத் தொடங்கிவிட்டன. புலிகளின் சோதனைச் சாவடி, நடுவே சூனியப் பிரதேசம், பிறகு இராணுவத்தின் சோதனைச் சாவடி. ஒரு புள்ளடி இடுவதற்காக இரண்டு எல்லைகள். வயதானவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அன்றைக்கு எல்லாம் தூய்மையாக நடந்தது என்று எழுத மாட்டேன். ஆள்மாறாட்டமும் கள்ளவாக்கும் நடந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு வடக்கு கிழக்கில் நடந்ததைக் கடுமையாக விமர்சித்தது. ஆனாலும் அந்த வரிசையில் நின்றவர்களை நினைக்கிறபோது, வாக்கின் பெறுமதியை அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

ஒன்றரை ஆண்டுக்குள் எல்லாம் தலைகீழ். 2005 நவம்பர் 17ஆம் திகதி சனாதிபதித் தேர்தல். புலிகள் பகிஷ்கரிப்பை நடைமுறைப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டினர். கிளிநொச்சித் தொகுதியில் விழுந்த வாக்கு ஒன்று. ஆம், ஒன்றேயொன்று. இடாப்பில் இருந்தவர்களோ கிட்டத்தட்டத் தொண்ணூறாயிரம். தென்னிலங்கையில் மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்துடன் வென்றார். ரணில் விக்கிரமசிங்கவுடனான வித்தியாசம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகள். அதற்குப் பிறகு நடந்தவற்றை வன்னி மக்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. அந்த ஒற்றை வாக்கை இட்டவர் யாராக இருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

போர் முடிந்து எட்டு மாதங்களில், 2010 சனவரியில், மீண்டும் சனாதிபதித் தேர்தல். மனிக்பாம் முகாமில் இன்னும் பெருந்தொகை மக்கள் இருந்தார்கள். நாடளாவிய வாக்களிப்பு 74 வீதமாக இருக்க, வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அது சுமார் 40. யாழ்ப்பாணத்தில் சுமார் 26. அலட்சியம் என்று தெற்கில் எழுதினார்கள். ஒரு சொப்பிங் பைக்குள் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு முள்ளிவாய்க்கால்வரை ஓடியவர்களிற் பலர் அந்தப் பையையும் அங்கே விட்டுத்தான் வந்தார்கள். அடையாள அட்டை இல்லாதவருக்கு வாக்கு இல்லை. அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பைப் பதிந்த கந்தோரே எரிந்துபோயிருந்தால்? நடமாடும் சேவைகள் வந்து இவற்றைச் சீர்செய்ய ஆண்டுகள் எடுத்தன.

ஆகையால்தான் 2013 செப்டெம்பர் முக்கியமாகிறது. வட மாகாணம் முழுவதும் வாக்களித்தோர் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அச்சராசரிக்குக் கீழே போகவில்லை. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பெயரில் போட்டியிட்ட கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனங்கள். இராணுவப் பிரசன்னம் குறித்துப் பொதுநலவாயக் கண்காணிப்பாளர்களும் குறை சொன்னார்கள். தேர்தலுக்கு முதல்நாள் அதிகாலையில் வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாளன்று காலை, அவர் அரசுப் பக்கம் தாவிவிட்டதாகச் செய்தி தாங்கிய போலி 'உதயன்' பத்திரிகை ஒன்றை அச்சிட்டு விநியோகித்தார்கள். முப்பதாண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். எங்களைத் தாக்கினார்கள், எரித்தார்கள், பத்திரிகைக் கட்டுகளைப் பிடுங்கினார்கள். ஒரு பத்திரிகையையே போலியாக அடித்து ஊருக்குள் விட்டது அன்றுதான். வாசகர்கள் ஏமாறவில்லை. விருப்பு வாக்கில் அவர் மாவட்டத்தில் இரண்டாம் இடத்துக்கு வந்தார்.

அன்றைய நாளில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கு வெளியே ஓர் ஐயாவிடம், "என்ன எதிர்பார்க்கிறீங்கள்?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஒண்டும் இல்லைத் தம்பி. நாங்கள் இஞ்ச இருக்கிறம் எண்டு காட்ட வந்தனாங்கள்," என்றார். அச்சபை ஐந்தாண்டில் என்ன செய்தது என்பது வேறு விவாதம். நிறைய தீர்மானங்கள் போட்டார்கள், குறைவாக நியதிச்சட்டங்கள் செய்தார்கள், தங்களுக்குள் நன்றாகச் சண்டை பிடித்தார்கள். அந்த ஐயா கேட்டது அதுவல்ல.

'இஞ்ச இருக்கிறம்' என்பதற்கு எதிர்ப்பக்கத்தையும் ஒரு பி.சி. படிவத்தில்தான் கண்டேன். 2016ஆம் ஆண்டு, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமம். வேறொரு விடயமாக ஜீ.எஸ். அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜீ.எஸ்., முப்பது வயதுகூட ஆகாத பெண். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா படிவத்துடன் முன்னால் இருந்தார்.

"பிள்ளை, இவன்ர பேரையும் எழுதட்டோ?"

"அம்மா, இதில இப்ப வீட்டில இருக்கிற ஆக்களின்ர பேரைத்தான் எழுதவேணும்."

"எழுதாட்டி அவன் இல்லையெண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரியெல்லே?"

அவருடைய மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவன். அந்தப் பெண் அலுவலர் சட்டத்தை விளக்கினார். இது மரணப் பதிவு அல்ல, வசிப்போர் பதிவு மட்டுமே என்றார். காணாமற்போனோர் அலுவலகம் ஒன்று சட்டமாகி வருகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். சொன்னவை எல்லாம் சரி. அம்மா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் பெயரை எழுதினார். அடுத்த கோட்டை வெறுமையாக விட்டார். அதற்குக் கீழே மகளின் பெயரை எழுதினார். வெற்றுக்கோடு விடக்கூடாது என்பது விதியோ என்னவோ, ஜீ.எஸ். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள்.

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் பெயரை விடாமல் எழுதிக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. காணி, உரித்து என்று ஏதேதோ பயங்கள். இலங்கையில் வெளிநாட்டில் இருப்போருக்கு அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை. தபால் மூல வாக்கு அரச ஊழியர், பொலிஸார், படையினர் போன்றோருக்கே. ஆள் இல்லாத பெயர் கள்ளவாக்குக்குத்தான் பயன்படும். இதை வாசிக்கும் புலம்பெயர்ந்த நண்பர்கள் கோபிக்கக் கூடாது.

இடாப்பில் பெயர் இருப்பதே பெரும்பாடாக இருந்தவர்கள் இருவகையினர். ஒன்று, மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1958, 1977, 1983 வன்செயல்கள் அவர்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. காடு வெட்டிக் கழனியாக்கிய கைகளிற் பலவற்றுக்கு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, புள்ளடி போட உரிமை இருக்கவில்லை. கிளிநொச்சியில் தேர்தல் பேசும் நம் அரசியல்வாதிகள் இவர்களை வாக்கு எண்ணும் நாளில் மட்டும் நினைப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இரண்டு, 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள். புத்தளத்தில் இருந்துகொண்டே சொந்த ஊரில் பதிவை வைத்திருப்பதா, இருக்கும் இடத்தில் பதிவதா என்ற சங்கடம் அவர்களுக்கு மூன்று தசாப்தங்களாக உண்டு. இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரில் பதிவதற்கு 2013இல் ஒரு சிறப்புச் சட்டமும் வந்தது. 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்கள்மீது தந்திரிமலையில் துப்பாக்கியாற் சுட்டார்கள். எவருக்கும் காயமில்லை. பஸ்கள் போய்ச் சேர்ந்தன.

வாக்களிக்கும் முறையிலும் குழப்பம் உண்டு. 2024 செப்டெம்பரிலிருந்து 2025 மே வரையான எட்டு மாதங்களில் வன்னி மக்கள் மூன்று தேர்தல்களைக் கண்டார்கள். மூன்றிலும் மூன்று விதம். சனாதிபதித் தேர்தலில் ஒருவருக்குப் புள்ளடி இடலாம், அல்லது 1, 2, 3 என விருப்பத்தைக் குறிக்கலாம். நாடாளுமன்றத்துக்குக் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கு விருப்பு வாக்கு. உள்ளூராட்சிக்குக் கட்சிக்கு ஒரேயொரு புள்ளடி. 2013 மாகாண சபையில் நாடாளுமன்ற முறைதான். முல்லைத்தீவில் ஐந்து ஆசனங்களுக்கு ஒவ்வொரு கட்சியும் எட்டுப் பேரை நிறுத்தியது. வாக்குச் சீட்டின் கீழ்ப்பகுதியில் அவர்களின் இலக்கங்கள். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் சீட்டு செல்லாது. இரண்டு கட்சிகளுக்கு இட்டாலும் செல்லாது. மூன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களுக்கு இட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு போய்விடும். சீட்டில் பெயரோ கையொப்பமோ எழுதக் கூடாது. ஒரு தடவை எண்ணும் நிலையத்தில், புள்ளடிக்குப் பக்கத்தில் வேட்பாளருக்கு நாலு வரி அறிவுரை எழுதியிருந்த சீட்டைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். அறிவுரை நல்லதாம். வாக்கு செல்லாது.

அடையாளத்துக்குத் தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப் பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். எதுவுமில்லாதவர் வாக்களிப்பு நாளுக்கு முன்கூட்டியே ஜீ.எஸ். மூலம், புகைப்படத்துடன், தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தபாலில் வரும் வாக்காளர் அட்டை வராவிட்டாலும் இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். அட்டை வரவில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். வராத தேர்தலுக்கு ஏன் பதிய வேண்டும்? 1998 ஓகஸ்டில் அப்போதைய அரசு அவசரகாலப் பிரகடனத்தின் மூலம் ஐந்து மாகாண சபைகளின் தேர்தல்களை நிறுத்தியது. இருவர் உயர் நீதிமன்றம் போனார்கள். வாக்களிப்பதும் ஒரு கருத்து வெளிப்பாடே, அதைத் தடுப்பது பேச்சுச் சுதந்திரத்தைத் தடுப்பதே என்று 1999 சனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் ஆயம் தீர்ப்பளித்தது. அந்த ஏப்ரலில் ஐந்து மாகாணங்களிலும் வாக்களிப்பு நடந்தது. 2023 மார்ச்சில் பணமில்லை என்று நிறுத்தப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் விடயத்திலும், அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. மாகாண சபை விடயத்தில் சிக்கல் கூடுதல், தேர்தலை நடத்துவதற்குரிய சட்டமே அந்தரத்தில் நிற்கிறது. ஆயினும் அந்த வழக்குகளிலும் 2001இல் தடுக்கப்பட்டோரின் வழக்கிலும் நீதிமன்றப் படியேறியவர்களின் கையிலிருந்த பலம், 'நான் இந்த இடாப்பில் உள்ள வாக்காளன்' என்பதே. இடாப்பில் இல்லாதவனுடைய எந்த வாக்கைத் தேர்தல் ஒத்திவைப்பு பறித்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் பதில் இருக்காது.

நண்பரின் மகளுக்கு இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. அடையாள அட்டையை எடுத்துவரச் சொன்னேன். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அட்டை இலக்கத்தை இட்டுப் பார்த்தோம். பெயர் இருந்தது, ஆனால் அவள் திருமணத்துக்கு முன் இருந்த முகவரியில். இப்போது கணவருடன் இருப்பது பரந்தனில். வாக்களிப்பு நிலையம் பழைய ஊர்ப் பள்ளிக்கூடமாகத்தான் வரும். புதிய இடத்து ஜீ.எஸ்.இடம் போய்ப் பெயரை மாற்றிப் பதியும்படி சொல்லிவிட்டு வந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வேலையை ஊரில் உள்ள பெற்றாருக்கும் சகோதரர்களுக்கும் தொலைபேசியிலேயே செய்து கொடுக்கலாம். ஐந்து நிமிடம் ஆகும். அட்டை இலக்கத்தை மட்டும் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையில் கடைசி எழுத்தையும் சேர்த்து.